செத்த குரங்கும் வெள்ளைத் துணியும்: உண்ணிகள் எங்கே நகர்கின்றன?

மாட்டின் முதுகில் ஏறி நின்று கொத்திக்கொண்டிருக்கும் வெள்ளைப் பறவைக்கு உண்ணிக்கொக்கு என்று பேர் வைத்தோம். வேலியோரத்தில் மஞ்சளும் ரோஜா நிறமுமாகப் பூத்து, கறுப்புக் கறுப்பாகப் பழம் தள்ளும் புதருக்கு உண்ணிச்செடி என்றோம். மாடு இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு உண்ணி புதுசு இல்லை. எங்கள் பாட்டி சாயங்காலம் பசுவின் காதை மடித்துப் பிடித்துக்கொண்டு, உள்பக்கம் ஒட்டியிருக்கும் சாம்பல் நிற உண்ணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மண்ணெண்ணெய் ஊற்றிய கொட்டாங்கச்சியில் போடுவார். ரத்தம் குடித்து உப்பிய உண்ணி அச்சு அசல் ஆமணக்கு விதை மாதிரியே இருக்கும். லத்தீன்காரர்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது, உண்ணிக்கு அவர்கள் சொன்ன 'ரிசினஸ்' என்ற சொல்தான் ஆமணக்கின் தாவரவியல் பெயராகவும் நிற்கிறது.

ஆனால் மாட்டுக்கும் நாய்க்கும் வருகிற தொல்லை என்ற அளவில்தான் நாம் உண்ணியை வைத்திருக்கிறோம். மனிதனைக் கொல்லும் நோயை அது கொண்டுவரும், அந்த நோய் நம் மலைகளிலேயே இருக்கிறது, அறுபது வருடத்தில் அது ஒரு மாவட்டத்திலிருந்து ஐந்து மாநிலங்களுக்குப் பரவியிருக்கிறது என்பதெல்லாம் சமவெளியில் இருப்பவர்கள் காதில் அதிகம் விழுவதில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தமிழ்ச் செய்தித்தாள்களில் மழைக்காலம் முடிந்ததும் 'உண்ணிக் காய்ச்சல் பரவுகிறது' என்று வருமே, அது பெரும்பாலும் ஸ்க்ரப் டைஃபஸ். அதைப் பரப்புவது உண்ணியின் தூரத்துச் சொந்தமான ஒரு சிலந்திப்பேன், அதுவும் கண்ணுக்குச் சுலபமாகத் தெரியாத அதன் குஞ்சுப் பருவம். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும், பாக்டீரியா நோய் என்பதால் டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் கேட்கும். நான் சொல்ல வருவது வேறு. உண்மையான உண்ணி கடித்து வருகிற, கியாசனூர் காட்டு நோய் என்ற வைரஸ் நோய். அதற்கு இன்றுவரை நேரடியான மருந்து கிடையாது.

1957ஆம் ஆண்டு. அன்றைய மைசூர் மாநிலத்தின் ஷிமோகா மாவட்டம். சொரபா, சாகர் பக்கம் உள்ள கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. கொஞ்ச நாளில் காட்டையொட்டிய ஊர்களில் மனிதர்களுக்கும் கடும் காய்ச்சல். அந்த முதல் வருடம் மட்டும் 466 பேருக்கு நோய் கண்டது. ஊர்க்காரர்கள் குரங்குச் சாவையும் காய்ச்சலையும் உடனே முடிச்சுப்போட்டு 'மங்கன காயிலெ' என்றார்கள், குரங்கு நோய் என்று அர்த்தம். புனேயில் 1952இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை உதவியுடன் தொடங்கிய வைரஸ் ஆராய்ச்சி மையத்திலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். அவர்களுக்கு வந்த முதல் பயம் மஞ்சள் காய்ச்சல். ஏனென்றால் குரங்கு கூட்டமாகச் சாவது மஞ்சள் காய்ச்சலுக்கு ஓர் அடையாளம், அது இந்தியாவுக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே நடுங்கினார்கள். பரிசோதித்ததில் அது இல்லை. ரஷ்யக் காடுகளில் உண்ணியால் பரவும் ஒரு மூளைக்காய்ச்சல் வைரஸின் சொந்தக்கார வைரஸ் என்று தெரிந்தது. சைபீரியாப் பக்கத்து வைரஸின் உறவு மலைநாட்டில் எப்படி? வலசைப் பறவைகள் உடம்பில் உண்ணியோடு கொண்டுவந்திருக்குமோ என்று சந்தேகம் எழுந்தது. சாலிம் அலியின் வழிகாட்டலில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பறவைகளுக்குக் கால்வளையம் போட்டுப் பின்தொடரும் பெரிய வேலையில் இறங்கியதற்கு இந்தச் சந்தேகமும் ஒரு காரணம். பறவைமேல் குற்றம் நிரூபிக்கப்படவில்லை, ஆனால் ஒரு நோயைத் தேடப்போய் பறவைகளைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டோம்.

அந்தக் காலத்தில் சாகர் பக்கத்துக் காடுகளில் நடந்து நடந்து உண்ணி பொறுக்கிய பூச்சியியல் வல்லுநர்களில் ஒருவர் பி.கே.ராஜகோபாலன். பின்னாளில் புதுச்சேரியில் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தின் இயக்குநராக இருந்தவர். அந்தத் தலைமுறை செய்த வேலையின் மேல்தான் இன்று நமக்குத் தெரிந்தவை எல்லாம் நிற்கின்றன.

உண்ணி எப்படி வாழ்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் தட்பவெப்பம் இதில் எங்கே நுழைகிறது என்று புரியும். முட்டையிலிருந்து ஆறு காலுடன் லார்வா வரும். அது எலி, மூஞ்சூறு, பறவை, குரங்கு என்று எதன்மேலாவது ஏறி ஒருதரம் ரத்தம் குடித்து, கீழே விழுந்து, தோல் உரித்து எட்டுக் காலுடன் நிம்ஃப் ஆகும். நிம்ஃப் இன்னொரு விலங்கின்மேல் ஏறி இரண்டாம்தரம் குடித்து விழுந்து வளர்ந்த உண்ணியாகும். வளர்ந்தது மாடு மாதிரி ஒரு பெரிய உடம்பைப் பிடித்துக் குடித்துத் தீர்த்து, மண்ணில் விழுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் சாகும். மொத்த ஆயுளில் மூன்றே மூன்று சாப்பாடு. மீதிக் காலம் முழுக்க, அதாவது வாழ்நாளில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல், தரையில் சருகுக்கு அடியிலும் புல் நுனியிலுமாகக் கிடக்கிறது.

புல் நுனியில் உண்ணி காத்திருப்பதை ஒருதரம் உட்கார்ந்து பார்த்தால் மறக்காது. பின்னங்கால்களால் புல்லைப் பிடித்துக்கொண்டு முன்னங்கால் இரண்டையும் 'தூக்கிக்கோ' என்று கை நீட்டும் குழந்தை மாதிரி காற்றில் விரித்து வைத்திருக்கும். அந்தக் கால்களின் முனையில்தான் அதன் மூக்கு. நம் மூச்சில் வரும் கரியமில வாயுவையும் உடம்புச் சூட்டையும் அதில் உணர்கிறது. மூச்சு விட்டுப் பார்த்தால் கால்கள் அந்தப் பக்கம் திரும்பும். வெயில் ஏறி உடம்பு காய ஆரம்பித்ததும் மெல்ல இறங்கிச் சருகுக்குள் போய், வாயில் ஒருவித உப்பு எச்சிலைச் சுரந்து, காற்றின் ஈரத்தை அதில் பிடித்து உறிஞ்சித் தண்ணீர் தாகம் தீர்த்துக்கொள்ளும், அப்புறம் மறுபடி ஏறும். ஆக, காற்றில் ஈரம் எவ்வளவு, எத்தனை நாள் சூடு, சருகு எவ்வளவு தடிமன் என்பதுதான் அதற்கு வாழ்வா சாவா. ஒவ்வொரு பருவத்துக்கும் வளர்ந்து முடிக்கக் குறிப்பிட்ட அளவு வெப்பம் வேண்டும். அது சீக்கிரம் கிடைத்தால் சீக்கிரம் வளரும், கிடைக்காவிட்டால் வளராமலே குளிரில் செத்துப்போகும்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் இந்த நோயைப் பரப்பும் முதன்மையான உண்ணிக்கு ஹீமாஃபைசாலிஸ் ஸ்பினிஜெரா என்று பெயர். அதன் நாட்காட்டி பருவமழையோடு கட்டப்பட்டது. தென்மேற்குப் பருவமழையில் வளர்ந்த உண்ணிகள் மாடுகளில் ஏறும். மழை ஓயும் நேரத்தில் முட்டை பொரித்து லார்வாக்கள் கிளம்பும். டிசம்பர் வாக்கில் தொடங்கி மே வரை நிம்ஃப்களின் காலம். மனிதனைக் கடிப்பது பெரும்பாலும் இந்த நிம்ஃப்தான். பார்க்கக் கசகசாவை விடக் கொஞ்சம் பெரிது, கடித்தால் வலிக்காது, எச்சிலிலேயே மரத்துப்போகச் செய்யும் சங்கதி இருக்கிறது. குளித்துவிட்டுத் துவட்டும்போதுகூடக் கண்ணில் படாமல் போகும். அதே மாதங்களில்தான் மலை ஜனங்களும் காட்டுக்குள் அதிகம் போகிறார்கள். விறகு, தேன், முந்திரி, மாட்டுக்கொட்டகையில் பரப்பவும் பாக்குத் தோட்டத்துக்கு உரமாகவும் கூடை கூடையாக அள்ளும் காய்ந்த சருகு. உண்ணியின் பருவமும் மனிதரின் வேலைப் பருவமும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து உட்காருகின்றன.

கடித்து 3 முதல் 8 நாளில் திடீரென்று காய்ச்சல் அடிக்கும். மண்டை பிளக்கும் தலைவலி, இடுப்பும் காலும் உளைச்சல், வாந்தி, சிலருக்கு மூக்கிலும் ஈறிலும் ரத்தக் கசிவு. பலருக்கு இரண்டு வாரத்தில் தணிந்துவிடும். சிலருக்குத் தணிந்த பிறகு மறுபடி திரும்பும், அப்போது மூளையைத் தொடும். நோய் கண்டவர்களில் 100க்கு 3 முதல் 5 பேர் இறக்கிறார்கள். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. பிழைத்தவர்களும் வாரக்கணக்கில் எழுந்து வேலைக்குப் போக முடியாமல் கிடப்பார்கள். கூலிக்குப் போகிற வீட்டில் அது என்ன பாடு என்று சொல்லத் தேவையில்லை.

இப்போது வரைபடத்துக்கு வருவோம். 1957க்குப் பிறகு நாற்பது ஐம்பது வருடம் இந்த நோய் கர்நாடகத்தின் ஐந்து மாவட்டங்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது: ஷிமோகா, உத்தர கன்னடம், தட்சிண கன்னடம், உடுப்பி, சிக்கமகளூர். 2012 கடைசியில் பந்திப்பூரில், அதாவது பழைய எல்லைக்குத் தெற்கே வெகு தொலைவில், செத்த குரங்குகளைக் கையாண்ட வன ஊழியர்களுக்குக் காய்ச்சல் வந்தது. பந்திப்பூருக்கும் முதுமலைக்கும் நடுவே இருப்பது வரைபடக் கோடுதான், காடு ஒன்றேதான். அடுத்த சில மாதங்களில் நீலகிரி மாவட்டத்தில் செத்த குரங்குகளிலும் வைரஸ் உறுதியானது. 2013இல் வயநாடு. 2015இல் வயநாட்டில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு நோய், பெரும்பாலோர் பழங்குடி மக்கள். அதே வருடம் கோவாவின் சத்தரி வட்டத்தில் முந்திரி பொறுக்கப் போனவர்களுக்கு, அதற்கடுத்த வருடம் மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் மாவட்டத்தில். 2018 டிசம்பரில் பழைய இடமான சாகரிலேயே அரளகோடு பக்கம் மறுபடி வெடித்து, 2019 முதல் மாதங்கள் முழுக்கப் பல உயிர்களை வாங்கியது.

இதைப் பார்க்கும் எவருக்கும் எழும் கேள்வி, இது பருவநிலை மாற்றத்தால்தானா? இங்கே நான் கொஞ்சம் நிதானமாகப் பேச விரும்புகிறேன், ஏனென்றால் எதற்கெடுத்தாலும் 'புவி வெப்பமாதல்' என்று ஒரே பதிலைச் சொல்லிவிட்டு நகர்வது உண்ணி விஷயத்தில் ஆபத்தான சோம்பேறித்தனம்.

வெப்பம்தான் முதன்மைக் காரணம் என்று தெளிவாகச் சொல்லக்கூடிய இடங்கள் உலகில் இருக்கின்றன. கனடாவை எடுத்துக்கொள்ளுங்கள். லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணிக்கு 1970களில் கனடா முழுவதிலும் தெரிந்த ஒரே குடியிருப்பு ஈரி ஏரிக்கரையில் உள்ள லாங் பாயிண்ட் என்ற ஒரு மணல்முனைதான். குளிர் அதைத் தாண்டவிடவில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் தெற்கிலிருந்து வரும் பறவைகள் கோடிக்கணக்கில் உண்ணிகளைக் கனடாவுக்குள் உதிர்த்துக்கொண்டேதான் இருந்தன, ஆனால் விழுந்தவை வளர்ந்து குடும்பம் பெருக்கக் கோடை போதவில்லை. கோடை நீண்டது, குளிர்காலம் இளகியது, விழுந்தவை பிழைக்கத் தொடங்கின. 2009இல் அந்நாடு முழுக்கப் பதிவான லைம் நோயாளிகள் 144 பேர், 2017இல் 2,025 பேர். அப்புறமும் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. டொராண்டோ வட்டாரத்தில் ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் வாழும் நம் சனங்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல, அவர்கள் ஞாயிற்றுக்கிழமை நடக்கப் போகிற ரூஜ் பூங்காவிலேயே இந்த உண்ணி நிலைகொண்டுவிட்டது. செக் நாட்டின் கிர்கோனோஷே மலையில் ஒரு காலத்தில் 700 மீட்டர் உயரத்துக்கு மேல் உண்ணி பிழைக்காது என்று இருந்தது, 2000களில் 1,100 மீட்டரிலும் பிடித்தார்கள். 2018இல் ஐரோப்பாவைப் பொசுக்கிய கோடையில், மத்தியதரைக்கடல் பக்கத்து ஹயலோமா உண்ணிகள் வளர்ந்த நிலையில் ஜெர்மனியில் குதிரைகள்மேல் அகப்பட்டன. இந்த ஹயலோமா இனம்தான் கிரிமியன் காங்கோ ரத்தக்கசிவுக் காய்ச்சலைப் பரப்புவது. நம் நாட்டில் அது முதலில் உறுதியானது 2011 ஜனவரியில், குஜராத்தில். மருத்துவம் பார்த்தவர்களையும் அது விட்டுவைக்கவில்லை.

இந்த இடங்களில் எல்லாம் கதை ஒன்றுதான். குளிர் ஒரு வேலியாக நின்றது, வேலி விலகியது. மேற்குத் தொடர்ச்சி மலையில் அப்படிக் குளிர் வேலி கிடையாது. அங்கே உண்ணிக்கு எப்போதுமே போதுமான சூடு உண்டு. அங்கே கணக்கைத் தீர்மானிப்பது மழையும் ஈரமும். மழை நாட்கள் குறைந்து, பெய்கிற நாளில் கொட்டித் தீர்ப்பதும், பருவம் தள்ளித் தொடங்கித் தள்ளி முடிவதும் மலையில் இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மழை பின்வாங்குவது தள்ளிப்போனால் லார்வாவும் நிம்ஃபும் கிளம்பும் காலமும் தள்ளும். 'டிசம்பரில் எச்சரிக்கை, மே மாதத்தில் ஓய்வு' என்று அச்சடித்த நாட்காட்டியை வைத்துக்கொண்டு வேலை செய்யும் சுகாதாரத் துறை அந்த இடத்தில் ஏமாந்துபோகும். கோடை மழை சீக்கிரம் வந்தால் நிம்ஃப் பருவம் சீக்கிரம் அடங்கும், வராவிட்டால் நீளும். தட்பவெப்பத்தின் கை இங்கே இப்படித்தான் வேலை செய்கிறது, எல்லையைத் தள்ளுவதை விடக் காலத்தைக் குழப்புவதில்.

எல்லை விரிந்ததற்கு நாம் காட்டை என்ன செய்தோம் என்பதையும் பார்க்க வேண்டும். 1980களின் தொடக்கத்தில் தட்சிண கன்னடத்தின் பெல்தங்கடிப் பக்கம் அடர்காட்டை முந்திரித் தோட்டம் போட வெட்டிய இடத்தை ஒட்டித்தான் அந்தப் பத்தாண்டின் மிகப்பெரிய பரவல் நடந்தது. காட்டை அங்கங்கே வெட்டினால் நடுநடுவே வெளிச்சம் விழும். வெளிச்சம் விழுந்த இடத்தில் உண்ணிச்செடி மண்டும். உண்ணிச்செடிப் புதருக்குள் எலியும் மூஞ்சூறும் பெருகும், நிழலும் ஈரமும் சருகும் கிடைக்கும். வெட்டவெளிப் புல்லுக்கு மாடு வரும், மாடு வளர்ந்த உண்ணிகளுக்குச் சோறு போடும். மாட்டுக்கு இந்த வைரஸால் ஒன்றும் ஆகாது, அது உண்ணியின் தொகையை மட்டும் பெருக்கிவிடும். பழத்துக்குக் குரங்கு வரும். நோய்க்கு வேண்டிய அத்தனை பேரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்த மாதிரி. பெங்களூருவின் அட்ரீ என்ற சூழலியல் ஆய்வு நிறுவனம், பிரிட்டனின் சூழலியல் ஆய்வாளர்கள் எல்லாம் சேர்ந்து செய்து 2020இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் வரைபடமாகக் காட்டியது. ஈரமான பசுமைமாறாக் காடும் தோட்டமும் வயலும் துண்டு துண்டாகக் கலந்து கிடக்கும், நாட்டு மாடுகள் அதிகம் உள்ள நிலப்பரப்பில்தான் ஆபத்து கூடுதல். நீலகிரியின் கூடலூர் பகுதியை அறிந்தவர்கள் இந்த வர்ணனையைப் படித்ததும் நிமிர்ந்து உட்காருவார்கள். முதுமலையில் உண்ணிச்செடி எந்த அளவுக்கு மண்டியிருக்கிறது என்று அங்கே ஜீப்பில் போய் வந்தவர்களுக்கும் தெரியும்.

(ஒரு சின்ன விஷயம். மாட்டு உண்ணிக்கு நம் கால்நடைப் பல்கலைக்கழகத்தினர் பரிந்துரைக்கும் மூலிகைக் கலவையில் வசம்பு, பூண்டு, வேப்பிலை, மஞ்சள், துளசியோடு உண்ணிச்செடி இலையும் சேரும். அரைத்து வடிகட்டி மாட்டின்மேல் தடவச் சொல்வார்கள்.)

சரி, உண்ணியை எப்படிக் கண்காணிக்கிறார்கள்? இந்தக் காலத்திலும் அடிப்படைக் கருவி ஒரு வெள்ளைத் துணிதான். கம்பில் கட்டிய ஃபிளானல் துணியைக் காட்டுப் பாதையோரம் புல்லிலும் சருகிலும் மெதுவாக இழுத்துக்கொண்டே நடப்பார்கள். விலங்கு போகிறது என்று நினைத்து உண்ணி தொற்றிக்கொள்ளும். சில அடிக்கு ஒருதரம் நின்று, துணியைத் திருப்பிப் பார்த்து, ஒட்டியதை இடுக்கியால் எடுத்துச் சின்னக் குப்பியில் போட்டு, மேலே இடமும் தேதியும் எழுதுவார்கள். காலுறைக்குள் பேண்டைச் செருகிக்கொண்டு, வியர்வை ஒழுக, குனிந்த தலை நிமிராமல் மணிக்கணக்கில் செய்கிற வேலை. இத்தனை தூரம் இழுத்ததில் இத்தனை உண்ணி என்ற அந்த எண்ணிக்கைதான், வருடக்கணக்கில் ஒரே இடத்தில் ஒரே மாதிரி எடுத்தால், எந்த உண்ணி எங்கே கூடுகிறது, எப்போது கிளம்புகிறது என்பதைச் சொல்லும். டொராண்டோவில் ரூஜ் பள்ளத்தாக்கிலும் இதே துணியைத்தான் இழுக்கிறார்கள். பிடித்த உண்ணிகளை இனம் பிரித்து, கூட்டாக அரைத்து, வைரஸின் மரபணு இருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்ப்பார்கள்.

ஒரு துணி எவ்வளவு காட்டைத் தொட்டுவிட முடியும்? அதனால்தான் குரங்கு முக்கியமாகிறது. நாட்டுக்குரங்கும் அனுமன் மந்தியும் இந்த வைரஸ் தாக்கினால் தாங்காது, செத்துவிடும். பெரும்பாலும் மனிதருக்குக் காய்ச்சல் வருவதற்கு முன்பே. செத்து விழுந்த உடம்பு குளிர ஆரம்பித்ததும் அதன்மேல் இருந்த உண்ணிகள் எல்லாம் இறங்கிச் சுற்றிலும் பரவும், வைரஸ் குடித்த நூற்றுக்கணக்கான உண்ணிகள், ஒரே இடத்தில். ஆகவே எங்கே குரங்கு செத்தது என்ற தகவல் ஒரே நேரத்தில் எச்சரிக்கை மணியும் ஆபத்தின் முகவரியும் ஆகிறது. தகவல் வந்ததும் மாதிரி எடுத்து, உடலை எரித்து, சுற்றிலும் 50 அடிக்கு மாலத்தியான் பூச்சிமருந்து தூவி, அந்தப் பக்கம் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் போக வேண்டாம் என்று ஊருக்குச் சொல்ல வேண்டும். இதுதான் வழிமுறை.

வழிமுறை என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது. அது ஒரே ஒரு ஆளை நம்பி நிற்கிறது: காட்டுக்குள் குரங்கைப் பார்த்தவர். அவர் மாடு மேய்ப்பவராக, தேன் எடுப்பவராக, வேட்டைத் தடுப்புக் காவலராக, பெரும்பாலும் பழங்குடியினராக இருப்பார். சொன்னால் நமக்கு என்ன ஆகும் என்ற கேள்வி அவருக்கு உண்டு. 'காட்டுக்குள் நீ ஏன் போனாய்' என்று கேட்பார்களோ, மேய்ச்சலை நிறுத்திவிடுவார்களோ, குரங்கை நான்தான் கொன்றேன் என்பார்களோ. செய்தி சொன்னவருக்குப் பரிசோதனை முடிவு என்ன ஆயிற்று என்று திரும்பிச் சொல்லும் பழக்கமும் நம் அலுவலகங்களில் குறைவு. இரண்டாம்தரம் அவர் ஏன் சொல்லப் போகிறார்? எனக்கு இந்த விஷயத்தில் உள்ள மிகப்பெரிய கவலையே இதுதான். செயற்கைக்கோள் படம், கணினிக் கணிப்பு, ஆபத்து வரைபடம் எல்லாம் வேண்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த வரைபடத்தில் வைக்கப்படும் ஒவ்வொரு புள்ளியும் யாரோ ஒருவர் நடந்து போய், பார்த்து, பயப்படாமல் சொன்னதால் வந்தது. அவரிடம் நம்பிக்கை இல்லையென்றால் வரைபடம் வெறும் காகிதம். சருகு அள்ளாதே, காட்டுக்குள் போகாதே என்று சொல்லிவிடுவது சுலபம், அள்ளாவிட்டால் பாக்குத் தோட்டத்துக்கு உரம் ஏது, போகாவிட்டால் அடுப்பு எப்படி எரியும் என்பதற்கும் சேர்த்துப் பதில் வைத்துக்கொண்டுதான் அவர்கள் முன்னால் போய் நிற்க வேண்டும். 2011-12 பரவலின்போது ஷிமோகாவில் செய்த ஆய்வில், வீட்டுப் பக்கத்தில் சருகுக் குவியல் வைத்திருந்தவர்களுக்கும் மாடுகளைக் கையாண்டவர்களுக்கும் நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. ஆகவே குவியலை வீட்டைவிட்டுத் தள்ளிப் போடுவது, மாட்டுக்கு உண்ணி மருந்து பூசுவது போன்ற, செய்யக்கூடிய காரியங்கள் இருக்கின்றன. அவற்றைச் சொன்னால் ஜனங்கள் கேட்பார்கள்.

தடுப்பூசி இருந்தது. 1990 முதல் கர்நாடகத்தில் போட்டார்கள். ஒரு மாத இடைவெளியில் இரண்டு ஊசி, ஆறு முதல் ஒன்பது மாதத்தில் ஒன்று, அப்புறம் வருடா வருடம் ஒன்று. ஊசி போட்ட இடம் நன்றாக வலிக்கும் என்பதால் பலர் முதல் ஊசியோடு நின்றுவிடுவார்கள். இரண்டு ஊசியும் போட்டவர்களுக்கே பாதுகாப்பு சுமார் 62 சதவீதம்தான் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. நாளாக ஆக அதன் வீரியம் குறைந்து, 2022இல் நிறுத்தியே விட்டார்கள். புதிய தடுப்பூசிக்கான வேலையை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எடுத்திருக்கிறது. அது கைக்கு வரும்வரை இருக்கிற பாதுகாப்பு, ராணுவ ஆய்வகம் உருவாக்கிய டெபா என்ற உண்ணிவிரட்டி எண்ணெய்தான். காட்டுக்குப் போகும் முன் கைகாலில் பூசிக்கொண்டால் சில மணி நேரம் உண்ணி அண்டாது. மலையடிவார ஊர்களில் அதைப் பாட்டில் பாட்டிலாக வீட்டுக்கு வீடு கொடுக்கிறார்கள்.

தமிழ்நாட்டுக்கு இதில் என்ன வேலை என்று கேட்டால், என் பதில் இது. நீலகிரியில் குரங்குகளில் இந்த வைரஸ் ஏற்கெனவே உறுதியான ஒன்று. கூடலூர், பந்தலூர் பக்கம் வயநாட்டோடும் பந்திப்பூரோடும் காடு, மாடு, குரங்கு, கூலி வேலை எல்லாம் பின்னிக் கிடக்கின்றன. ஜனவரியில் அங்கே ஒருவர் காய்ச்சலோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தால், டெங்கு பார்த்தாயிற்று, எலிக்காய்ச்சல் பார்த்தாயிற்று, இரண்டும் இல்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடாமல், 'போன வாரம் காட்டுக்குப் போனீங்களா, பக்கத்துல குரங்கு எதுவும் செத்துக் கிடந்துச்சா' என்று கேட்கும் ஒரு செவிலியர் போதும், பாதிக் கண்காணிப்பு நடந்துவிட்டது. வனத்துறை, கால்நடைத் துறை, சுகாதாரத் துறை மூன்றும் தனித்தனிப் பதிவேடு வைத்துக்கொண்டு ஒன்றையொன்று பார்க்காமல் இருந்தால் மீதிப் பாதி நடக்காது. துணி இழுக்கும் வேலையை மாநில எல்லையில் நிறுத்துவதற்கும் அர்த்தம் இல்லை.

கடைசியாகக் கையில் ஒட்டிய உண்ணியை என்ன செய்வது என்று பலர் கேட்பதால் சொல்கிறேன். தீக்குச்சியால் சுடாதீர்கள், எண்ணெயோ மண்ணெண்ணெயோ ஊற்றாதீர்கள், நகத்தால் நசுக்காதீர்கள். தொல்லைப்பட்ட உண்ணி வயிற்றில் உள்ளதைக் கடித்த இடத்திலேயே கக்கிவிடக்கூடும். மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டினாற்போல் அதன் வாய்ப்பக்கத்தைப் பிடித்து, முறுக்காமல், ஒரே சீராக மேலே இழுங்கள். சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கனடாவில் இருந்தால் அதைப் படம் எடுத்து 'ஈடிக்' தளத்துக்கு அனுப்பினால் எந்த இனம் என்று சொல்லிவிடுவார்கள், நீங்கள் அனுப்பிய படமும் அவர்கள் வரைபடத்தில் ஒரு புள்ளியாகச் சேரும். நீலகிரியிலோ வயநாட்டிலோ இருந்தால், அதை ஒரு சின்ன டப்பாவில் போட்டு மூடி, எங்கே, எந்தத் தேதியில் ஒட்டியது என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதி ஒட்டி வையுங்கள். பத்து நாளுக்குள் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் போகும்போது அந்த டப்பாவையும் எடுத்துக்கொண்டு போங்கள்.